பழைய மில்லிங் மெஷின் வீட்டுப் பட்டறையில் ஓட மறுத்தால்: கோளாறு வாரியாகப் பார்க்கும் முறை

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் ஒரு சிறு பட்டறை மூடப்பட்டால், அங்கே இருந்த மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) சில வாரங்களில் யாரோ ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் வந்து இறங்குகிறது. என் வீட்டுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது: டரட் தலை (திருப்பவும் சாய்க்கவும் முடிகிற தலைப் பகுதி), 2 எச்.பி. மோட்டார், ஆர்8 வகை ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுற்றும் தண்டு). அதை ஓட வைத்த பிறகு நண்பர்கள் வாங்கிய மெஷின்களையும் பார்க்கப் போனேன். போன இடமெல்லாம் அதே கோளாறுகள்தாம். "ஸ்பிண்டில் போய்விட்டது" என்று விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து முடிவுகட்டியிருந்த மெஷின்களில் பெரும்பாலும் ஸ்பிண்டில் நன்றாகவே இருந்தது. மின் இணைப்பு தவறாக இருந்தது, அல்லது எண்ணெய் போக வேண்டிய வழியில் கிரீஸ் அடைத்திருந்தது.

அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு மல்டிமீட்டர், ஒரு டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்), காந்த அடியுள்ள ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) இருந்தால் முக்கால்வாசிச் சோதனைகளைச் செய்துவிடலாம். மெக்கர் (காயிலின் காப்பைச் சோதிக்கும் மீட்டர்) மட்டும் காயில் கட்டும் கடையில் இரவல் கேட்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒன்று. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். நேரடியாக ஒயர் இழுத்திருந்தால் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுங்கள். ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் டிரைவுக்குள் (வீட்டு மின்சாரத்தை மோட்டாருக்கு மும்முனையாக மாற்றி, வேகத்தையும் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். திரை அணைந்துவிட்டது என்பதற்காக அது இறங்கிவிட்டது என்று பொருளில்லை. 10 நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

## சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடக்கவில்லை

பழைய பேனலுக்கு வீட்டு 230 வோல்ட்டைக் கொடுத்திருக்கிறீர்களா? முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். தொழிற்சாலை மெஷினின் கன்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் காந்தச் சுவிட்ச்) காயில் 415 வோல்ட்டுக்கோ, உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 110 வோல்ட்டுக்கோ செய்யப்பட்டிருக்கும். 230 கொடுத்தால் அது இழுக்காது. சில நேரம் லேசாக நடுங்கும். காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். டிரைவ் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இந்தப் பேனலே தேவையில்லை. டிரைவின் வெளியீட்டைப் பழைய பேனலுக்குள் கொண்டுபோய்விடாதீர்கள்: கன்டாக்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அது ஏற்ற மின்சாரம் அல்ல.

அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்திய நிலையில் இருக்கிறதா? லாரியில் வந்த மெஷினில் இது அடிக்கடி நடக்கும். பொத்தானைத் திருகி வெளியே எடுங்கள்.

ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) விழுந்திருக்கிறதா? ரீசெட் செய்யுங்கள். ஒருமுறை செய்தும் மறுபடி விழுந்தால் அளவைக் கூட்டாதீர்கள். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். உறுமியபடி நிற்கும் மோட்டார் சில நிமிடங்களிலேயே காயிலைக் கருக்கிவிடும்.

பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் தண்டைக் கையால் சுற்றுங்கள்.

*கையால் சுற்ற முடியவில்லை என்றால்* பேரிங் துருப்பிடித்திருக்கிறது. இந்த அளவுள்ள (90 ஃபிரேம்) மோட்டாரில் பெரும்பாலும் 6205 பேரிங்தான் இருக்கும். எந்தக் கடையிலும் கிடைக்கும். புல்லர் இருந்தால் நீங்களே மாற்றலாம்.

*மோட்டார் சுற்றுகிறது, பெல்ட் போட்டால் சிக்குகிறது என்றால்* தலைப் பகுதியில் ஸ்பிண்டில் பிரேக் பிடித்தபடி இருக்கலாம், அல்லது பேக் கியர் (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரத் தொகுதி) பாதி விழுந்து நிற்கலாம். இரண்டையும் சரிசெய்ய ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

*எல்லாம் தாராளமாகச் சுற்றுகிறது, மின்சாரம் கொடுத்தால் மட்டும் உறுமுகிறது என்றால்* ஒரு பேஸ் வரவில்லை. வீட்டில் மும்முனை இணைப்பு உள்ளவர்கள் இங்கே ஏமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ டெஸ்டரை வைத்தால் மூன்றிலும் எரியும். போன பேஸிலும் மோட்டார் காயில் வழியாக மின்சாரம் திரும்பி வந்து டெஸ்டரை எரிய வைக்கும். மல்டிமீட்டரால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக, 400, 415 பக்கத்தில் இருக்க வேண்டும். ஏதாவது குறைந்தால் ஃபியூஸ், பிறகு கன்டாக்டர் முனை, பிறகு தெருக் கம்பம் என்ற வரிசையில் தேடுங்கள். கம்பத்தில் கோளாறு என்றால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். அங்கே நீங்கள் கைவைக்கக் கூடாது.

மின்சாரம் சரியாக வருகிறதென்றால், மின்சாரத்தைத் துண்டித்து மோட்டார் ஒயர்களைக் கழற்றி மூன்று இணைகளின் ரெசிஸ்டன்ஸை அளங்கள். மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் காயில் போயிருக்கிறது. கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

## டிரைவில் சுற்றுகிறது, வெட்டத் தொடங்கியதும் நின்றுவிடுகிறது

அலுமினியத்தில் அரை மில்லிமீட்டர் வெட்டியதற்கே மெஷின் நின்றுவிட்டது என்று ஒரு நண்பர் அழைத்தார். மோட்டார் தேய்ந்துவிட்டது என்று யாரோ சொல்லி, அவர் புது மோட்டார் விலைகூட விசாரித்து வைத்திருந்தார். மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனைகள் ஒரே இடத்தில் சேரும் முறை) இருந்தது, அவ்வளவுதான்.

இதைச் சற்று நின்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டு ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கும் டிரைவ் மும்முனையாக மாற்றித் தரும், ஆனால் 230 வோல்ட்டாகவே தரும். 415 ஆக உயர்த்தாது. நம் நாட்டில் 2 எச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வருகின்றன. அதே மோட்டாரை டெல்டாவாக (காயில்களை முனைக்கு முனை வளையமாகச் சேர்க்கும் முறை) மாற்றினால் அதற்குத் தேவை 240 வோல்ட் மட்டுமே. ஸ்டாரிலேயே விட்டு 230 கொடுத்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். சும்மா ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. வெட்டு விழுந்ததும் நிற்கும்.

மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஆறு முனைகள் இருக்கின்றன. அதிர்ஷ்டம்தான். மேல் வரிசையில் மூன்று முனைகளும் ஒரே பித்தளைத் தகட்டால் இணைந்திருந்தால் அது ஸ்டார். அந்தத் தகடுகளை எடுத்து, மேலும் கீழுமாக மூன்று இணைகளாகப் போட்டால் டெல்டா. யு1 முனையோடு டபிள்யு2, வி1 முனையோடு யு2, டபிள்யு1 முனையோடு வி2. பழைய மோட்டார்களில் இவை ஏ, பி, சி என்று குறிக்கப்பட்டிருக்கும்; முறை அதேதான்.

ஆறு ஒயர்கள் இருக்கின்றன, அடையாளம் அழிந்துவிட்டது. எந்த இரண்டு ஒரே காயிலின் முனைகள் என்பதை மீட்டர் சொல்லிவிடும். எது தொடக்கம், எது முடிவு என்பதைச் சொல்லாது. ஊகித்து இணைத்தால் மோட்டார் உறுமும், சூடாகும். காயில் கடையில் அடையாளம் கட்டித் தரச் சொல்லுங்கள்.

மூன்று ஒயர்கள் மட்டுமே வெளியே வருகின்றன. ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரித்து மூன்று முனைகளையும் வெளியே எடுக்க வேண்டும். பழைய வார்னிஷில் கட்டிப்பட்டிருக்கும் காயிலை நீங்கள் கிளறாதீர்கள். பம்புத் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் காயில் கடைக்குப் பஞ்சமில்லை. "ஸ்டார் பாயிண்டை வெளியே எடுத்துக் கொடுங்கள்" என்று சொன்னால் போதும், புதிதாகக் காயில் கட்டுவதைவிடக் குறைவாகவே ஆகும். காயிலின் காப்பு பொடிப்பொடியாக உதிர்கிறது என்று அவர் சொன்னால் முழுக்கக் கட்டிவிடுவதே நல்லது.

நேம் பிளேட்டிலேயே 415 வோல்ட் டெல்டா என்று இருக்கிறது. பெரிய மோட்டார்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வீட்டு ஒருமுனை டிரைவால் இதை முழு பலத்தோடு ஓட்ட முடியாது. மும்முனை இணைப்புக்கு விண்ணப்பியுங்கள், அல்லது சிறிய மோட்டாருக்கு மாறுங்கள். மாறுவதானால் பழைய மோட்டாரின் ஃபிளேஞ்ச் அளவையும் தண்டின் நீளத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். டரட் தலையில் உட்காரும் மோட்டாரின் தண்டு சாதாரண மோட்டாரைப் போல இருக்காது.

டெல்டாவுக்கு மாற்றியதும் பலர் மறக்கும் ஒரு காரியம் உண்டு. நேம் பிளேட்டில் 415 வோல்ட்டுக்கு 3.4 ஆம்பியர் என்று இருந்தால், 240 வோல்ட் டெல்டாவில் அது 1.73 மடங்கு, அதாவது சுமார் 5.9 ஆம்பியர். டிரைவில் மோட்டார் மின்னோட்டமாக இந்த எண்ணைப் பதியுங்கள். 3.4 என்றே விட்டால் டிரைவ் காரணமில்லாமல் ஓவர்லோடு என்று நிறுத்திக்கொண்டே இருக்கும்.

## டிரைவ் பிழை காட்டி நிற்கிறது

பிழையின் குறியீடு டிரைவுக்கு டிரைவ் மாறும், காரணங்கள் மாறுவதில்லை.

கிளப்பியதும் அதிக மின்னோட்டம். வேகமெடுக்கும் நேரத்தை 3 முதல் 5 விநாடியாக்குங்கள். தீரவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றி ஓட்டுங்கள். அப்போதும் அதே பிழை வந்தால் மோட்டார் ஒயர்களையும் கழற்றிவிட்டு வெறும் டிரைவை ஓட்டுங்கள். அப்படியும் வந்தால் டிரைவ்தான் போயிருக்கிறது.

நிறுத்தும்போது அதிக வோல்டேஜ். சுற்றும் ஸ்பிண்டில் மின்சாரத்தை டிரைவுக்குத் திருப்பித் தள்ளுகிறது. நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். உடனே நின்றாக வேண்டும் என்றால் பிரேக் ரெசிஸ்டர் வாங்க வேண்டும்.

மாலையில் மட்டும் குறைந்த வோல்டேஜ். தெருவே விளக்குப் போடும் நேரம். மெஷின் ஓடும்போது டிரைவின் வாயிலில் அளந்து பாருங்கள். மெயின் போர்டில் 225, ஷெட்டில் 200 என்றால் குற்றவாளி உங்கள் ஒயர்தான். 2 எச்.பி. டிரைவ் முழுச் சுமையில் ஒருமுனையிலிருந்து சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், 3 எச்.பி. என்றால் 20க்கும் மேல். மின்விசிறிக்குப் போன ஒயரில் இதை மாட்டவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யோடு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். அது உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வரும் லைனில் இந்த மெஷின் சேர்ந்திருக்கிறதா என்றும் அவரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால் பிரிக்க வேண்டும்.

முன்பின் சுவிட்சைத் திருப்பியதும் டிரைவ் செத்துவிட்டது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய டிரம் சுவிட்சை விட்டுவைத்ததன் விளைவு இது. ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் டிரைவின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகக்கூடும். நடுவில் எந்தச் சுவிட்சும் இல்லாமல் மோட்டாரை நேராக டிரைவில் சேருங்கள். பழைய சுவிட்சின் கைப்பிடி உங்கள் மனதுக்குப் பிடித்திருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மட்டும் அதை இணைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

## ஆர்.சி.சி.பி. விழுகிறது, அல்லது மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் காரணம், இரண்டுக்கும் பலர் செய்யும் "தீர்வு" ஒன்றே: எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈரக் கையோடு இரும்பு மேஜையைப் பிடித்து நிற்கும் உங்களைக் காப்பாற்றுவது முதலில் அந்த ஒயர்தான்.

மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டார் ஒயர்களை டிரைவிலிருந்து கழற்றிவிட்டு, டிரைவை மட்டும் போடுங்கள்.

*அப்போதும் விழுந்தால்*: நியூட்ரலும் எர்த்தும் மெஷினுக்குள் எங்கோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷின் விளக்கின் ஒயர்தான் வழக்கமான இடம். அது இல்லை என்றால் டிரைவின் ஃபில்டர் இயல்பாகக் கசியவிடும் மின்னோட்டமே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் தொந்தரவு செய்கிறது. மெஷினுக்குத் தனியாக, டிரைவுக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி. போடுவது பற்றி மின்பணியாளரிடம் பேசுங்கள்.

*மோட்டாரைச் சேர்த்தால் மட்டும் விழுந்தால்*: மோட்டாருக்குள் ஈரம். 500 வோல்ட் மெக்கரால் காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. டிரைவ் இணைந்திருக்கும்போது மெக்கர் போட்டால் டிரைவ் எரிந்துவிடும், ஆகவே முதலில் கழற்றுங்கள். பக்க மூடிகளை எடுத்துவிட்டு, உள்ளே 100 வாட் குண்டு பல்பை காயிலில் படாமல் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுக்க எரியவிடுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் கிடந்த மோட்டார்கள் பெரும்பாலும் இதிலேயே தேறிவிடும். தேறாவிட்டால் காயில் கடை.

எர்த் இணைந்திருந்தும் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் எர்த் குழியே வேலை செய்யவில்லை. மெஷினை விட்டு விலகி மின்பணியாளரை அழையுங்கள். இதில் நீங்கள் செய்வதற்கு வேறு சோதனை இல்லை.

## மோட்டார் சுடுகிறது

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மணிக்கணக்கில் ஓட்டுகிறீர்களா? மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும். வேகத்தைக் குறைக்க டிரைவை மட்டும் நம்பாமல் பெல்ட்டையும் பேக் கியரையும் பயன்படுத்துங்கள். பேக் கியரில் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுற்றும் மெஷின்கள் உண்டு. கட்டர் போடும் முன் திசையைப் பாருங்கள்.

## கடகட என்ற சத்தம்

சுற்றுக்கு ஒருமுறை தட்டும் சத்தம் வந்தால் பெல்ட். பல மாதங்கள் ஒரே நிலையில் நின்றதால் வளைவு பதிந்திருக்கும். புதிய பெல்ட்டுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஓட்டினாலும் சத்தம் இருந்தால் மோட்டார் பேரிங். பேக் கியரில் மட்டும் வந்தால் பல் உடைந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஸ்பிண்டிலிலிருந்தே கரகரப்பு வந்து, ஒரு மணி நேரம் ஓடியபின் அதன் கீழ்முனையான மூக்குப் பகுதியில் கைவைக்க முடியாத சூடும் இருந்தால்தான் ஸ்பிண்டில் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

## மேஜை நகர மறுக்கிறது

முதலில் பூட்டுக் கைப்பிடிகள். அடுத்தது கிரீஸ்.

இந்தக் கிரீஸ் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. தண்டவாளப் பகுதிக்கு (மேஜை வழுக்கி நகரும் பாதை) எண்ணெய் போக வேண்டிய நிப்பிளில் யாரோ கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் மெல்லிய குழாய்களில் போய்க் கெட்டியாகி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு யார் எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே போவதில்லை. மேஜை வறண்ட இரும்பின் மேல் இரும்பாக உராய்ந்து, சில ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது. நல்ல மெஷின்கள் வீணாவது இப்படித்தான்.

மேஜையை ஒரு முனைக்கு ஓட்டி, தெரியும் பள்ளங்களை மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துக் கழுவுங்கள். எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி, மண்ணெண்ணெயை உள்ளே செலுத்தி ஊதி, மறுமுனையில் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு ஐ.எஸ்.ஓ. 68 தரமுள்ள ஸ்லைட்வே எண்ணெய் விடுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம்.

பாதை சுத்தமாக இருந்தும் இறுக்கம் போகவில்லை என்றால் கிப்பை, அதாவது மேஜைக்கும் பாதைக்கும் நடுவில் இருக்கும் சரிவுப் பட்டையைப் பாருங்கள். சரிவுக் கிப்பின் இரு முனைகளிலும் திருகு இருக்கும். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை மட்டும் இறுக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் கால் சுற்றுத் தளர்த்தி, மறு பக்கம் அவ்வளவே இறுக்குங்கள். மேஜையின் முனையைப் பிடித்து ஆட்டும்போது டயல் கேஜ் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர் காட்டினால் போதும்.

## கைப்பிடி திரும்புகிறது, மேஜை நகரவில்லை

பேக்லாஷ், அதாவது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு. எல்லா மெஷினிலும் கொஞ்சம் இருக்கும். கைப்பிடியை ஒரு திசையில் ஓட்டி டயல் கேஜைப் பூஜ்யத்தில் வையுங்கள். இப்போது எதிர்த்திசையில், முள் அசையும்வரை திருப்பி, கைப்பிடி வளையத்தில் எத்தனை என்று படியுங்கள். 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வரும் பழக்கமே போதும். அதற்கு மேல் என்றால், கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தண்டே சேர்ந்து ஆடினால் முனை பேரிங்கின் நட் தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் பாதி தீர்ந்தது. ஆடவில்லை என்றால் மேஜைக்கு அடியில் உள்ள பிளவு நட்டைச் சரிசெய்ய வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். லீட் ஸ்குரூ (மேஜையை நகர்த்தும் நீளத் திருகு) நடுவில்தான் அதிகம் தேய்கிறது. நடுவில் இறுக்கமாக வைத்தால் இரு முனைகளிலும் சிக்கிக்கொள்ளும். ஆகவே முனையில் சிக்காத அளவுக்கு மட்டும் நட்டை இறுக்குங்கள். அப்படிச் செய்த பிறகும் நடுவில் 0.5க்கு மேல் நின்றால் புது ஸ்குரூவும் நட்டும்தான் வழி. அளவு கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அதுவரை, கட்டர் தன் பக்கம் மேஜையை இழுக்கும் திசையில் வெட்டாதீர்கள். இழுத்துக்கொண்டு போய்க் கட்டரை உடைத்துவிடும்.

## வெட்டும்போது அதிர்கிறது

கட்டர் அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, நகராத திசைகளின் பூட்டுகள் போட்டிருக்கிறதா, குயில் (ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் உருளை) அதிகம் இறங்கியிருக்கிறதா. இந்த நான்கைப் பார்த்துவிட்டு, காலெட்டையும் (கட்டரைக் கவ்வும் பிளவுள்ள கூடு) அது உட்காரும் ஸ்பிண்டில் சரிவையும் துணியால் துடையுங்கள். ஒரு சுருள் பிசிறு போதும், எல்லாம் ஆடும்.

பிறகு ஸ்பிண்டில் சரிவின் உட்புறத்தில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.01 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஸ்பிண்டில் குற்றமற்றது. அடுத்து ஸ்பிண்டில் மூக்கை மரக்கட்டையால் நெம்பி, முள் எவ்வளவு விலகி எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். துடைத்த பிறகும் சரிவு 0.03க்கு மேல் ஓடினாலோ, நெம்பியபோது தெளிவான ஆட்டம் இருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். இணையாகப் பொருத்தப்படும் துல்லிய பேரிங்குகள் அவை. விலை அதிகம், சுத்தியலால் தட்டிப் பொருத்தினால் பெட்டியைத் திறந்த அன்றே கெட்டுவிடும். ஸ்பிண்டில் வேலை மட்டும் செய்பவரிடம் கொடுங்கள்.

## பரப்பு சமமாக வரவில்லை

தலை சாய்ந்திருக்கிறது. மேஜையைத் தாங்கி மேலும் கீழும் நகரும் 'நீ' (knee) பகுதியின் பூட்டை முதலில் இறுக்குங்கள். பூட்டாமல் அளந்தால் மேஜை முன்பக்கம் தொங்கிப் பொய் அளவு தரும். ஸ்பிண்டிலில் டயல் கேஜைப் பொருத்தி, அது மேஜையின் மேல் 150 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டமிடும்படி ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். இடம் வலம் வேறுபாடு 0.02க்குள் வரும்வரை தலையைச் சரிசெய்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கலில் அளவு நகரும், மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். முன்பின் சாய்வுக்கும் இதே முறை.

## காலெட் வெளியே வரவில்லை

டிராபாரை (காலெட்டை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீளக் கம்பி) முழுக்கக் கழற்றாதீர்கள். ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு. முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் கடைசி ஓரிரண்டு மரைகள் மட்டும் பிடித்து நசுங்கும். அப்படியும் வராவிட்டால் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் வழிகாட்டிப் பின் வெட்டுப்பட்டு இடையில் சிக்கியிருக்கலாம். ஆர்8 ஸ்பிண்டிலில் இது நடக்கும். மூக்குப் பகுதியைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்ப்பதற்காக கேஸ் விளக்கைக் கொண்டுவராதீர்கள், பேரிங் கிரீஸ் உருகிவிடும். கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சில நிமிடம் கழித்து மறுபடி தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மேலும் ஓங்கி அடிக்காமல், ஸ்பிண்டில் வேலை செய்பவரிடம் குயிலோடு கழற்றிக் கொண்டுபோங்கள்.